முயல் கைகூப்பும் பொழுது

1

இந்தக் கதை செருப்புகளுக்கு நடுவே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு கருவறையிலிருந்து புறப்படும் என்று எண்ணி வாழ்ந்தவன் நான். உரைநடை வாசலில் கிடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு மார்கழி விடியலில், அருவங்காட்டுக்கு மேலே மேட்டிலிருக்கும் முருகன் கோயிலில் பதிகம் ஓதிவிட்டு வெளியே வந்தேன். புல்லின்மேல் பனி வெள்ளையாய் உறைந்திருந்தது. விறைத்த காலால் செருப்பைத் துழாவியபோது, இரண்டு ரப்பர் செருப்புகளுக்கு இடையிலிருந்து ஒரு முயல் என்னைப் பார்த்துக் கையசைத்தது. குனிந்தேன். குழந்தைகள் கட்டும் பழைய கைக்கடிகாரம். வட்ட முகப்பில் நீலக் கால்சட்டை போட்ட கார்ட்டூன் முயல். வெள்ளைக் கையுறை மாட்டிய அதன் இரு கைகளே கடிகாரத்தின் இரு முட்கள்.

"அது நம்முளுதுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மங்கி குல்லாய்க்குள் ஒரு நரைத்த மீசை.

"கோயில் வாசல்ல எதுக்குங்க வாச்சைக் கழட்டி வெச்சிருக்கீங்க?"

"உள்ள போறப்ப கழட்டோணுமில்லீங்க?"

"சாமி கேக்குதுங்களா?"

"சாமி எங்கீங்க கேக்குது? கேட்டுக்காரன்தான் கேப்பான்" என்றவர், தாம் நிற்குமிடம் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டார். "பழக்க தோசமுங்க. வாசப்படின்னு ஒண்ணு வந்தாப் போதும், கை தானா வாருக்குப் போயிருது."

அவர் பெயர் ஏகநாதன். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. அவர் வேலை செய்யும் பகுதிக்குள் தீப்பெட்டியோ கைபேசியோ கைக்கடிகாரமோ போகக் கூடாது. எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டுத்தான் மனிதன் மட்டும் உள்ளே போகலாம். அந்தப் பழக்கத்தை அவர் கோயிலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கொண்டுபோய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இப்படித் தொடங்கினேன்:

காலனைக் காலால் உதைத்தவன் திருமுன்னர்த் தன் காலத்தைக் கழற்றி வைத்த அத்தொண்டர்—

[கைவிட்டேன். அது தந்தையின் வீரம், கோயிலோ மகனுடையது. அன்றியும் ஏகநாதனுக்கு அப்படியொரு கருத்தே இல்லை.]

பிறகு இப்படி:

நீலமலையின் மடியில் முகில்கள் தவழும் ஒரு—

[கைவிட்டேன். இங்கே குடியிருக்கும் எவரும் முகில் தவழ்கிறது என்பதில்லை. துணி காயவில்லை என்பார்கள்.]

மூன்றாம் தொடக்கத்தைத்தான் நீங்கள் இப்போது படித்தீர்கள். அதிலும் ஒரு பொய் உண்டு. முயல் எனக்குக் கையசைக்கவில்லை. மணி காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவே. அந்தப் பொய்யை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

2

வளர்ந்த மனிதர் ஒருவர் பொம்மைக் கடிகாரம் கட்டுவானேன்?

தொழிற்சாலை வாசலில் கடிகாரங்களை வாங்கி வைக்க ஒரு மரத்தட்டு இருந்ததாம். அந்நாளில் எல்லார் கடிகாரமும் ஒரே சாயல்: வெள்ளை முகப்பு, கறுப்பு வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏகநாதன் இன்னொருவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் நல்ல பேச்சு வாங்கினார். அந்த வாரமே ஊட்டியில் பழைய சாமான் கடை ஒன்றில் இந்த முயலைக் கண்டார். உறைவிடப் பள்ளியில் படித்துவிட்டுக் கடல் கடந்து போன ஏதோ ஒரு பிள்ளை விட்டுச் சென்றது. வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன்பின் அவருடைய கடிகாரத்தை எடுத்துப்போக எவருக்கும் துணிவு வரவில்லை.

கேலி செய்தவர்களே பிறகு கொண்டுவந்து கொடுத்தார்கள். எஸ்டேட் பங்களாப் பரணில் கிடந்தது ஒன்று. வெலிங்டனில் வீடு காலி செய்த இராணுவ அதிகாரியின் குப்பையில் கிடந்தது ஒன்று. நொடிக்கொரு தரம் தலையாட்டும் வாத்து, கண்ணை உருட்டும் பூனை, வாலால் மணி காட்டும் கரடிக்குட்டி. எல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் பஞ்சுமேல் உறங்கின. சேர்ப்பவர்களுக்குள் ஓர் அறம் உண்டு என்றார் ஏகநாதன்: ஒரு கடிகாரத்தை உடைத்து இன்னொன்றைப் பிழைக்கவைக்கக் கூடாது.

அவர் மனைவி தெய்வம்மாவுக்கு இதில் சல்லிக்காசு மதிப்பும் இல்லை.

"ஊட்டுக்கு வாரவங்கெல்லாம் பேரன் பேத்தி எத்தனைன்னு கேக்கறாங்க. ஒருத்தருதானுங்க, அதையெல்லாம் கட்டீட்டு டூட்டிக்குப் போயிருக்காருன்னு சொல்லீருட்டுங்களா?"

இந்த வரியை நான் எழுதவில்லை. ஏகநாதன் சொல்லக் கேட்டு அப்படியே வைத்தேன். அவர் அதைச் சொல்லும்போது மனைவியின் குரலிலேயே சொல்வார். அந்தக் குரல் இப்போது அவ்வளவு வேகமாக வருவதில்லை.

3

பழந்தமிழர் நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தார்கள். அந்தப் பகுப்பில் எண்ணே இல்லை. வெயில் சாய்ந்தால் எற்பாடு. முல்லை அவிழ்ந்தால் மாலை. பொழுதை அதன் முகத்தைப் பார்த்து அறிந்தார்கள். இதை நான் பல மேடைகளில் விரித்துரைத்திருக்கிறேன். அப்படி வாழ்கிற ஒருவரைப் பார்த்ததில்லை.

தெய்வம்மாவைப் பக்கவாதம் தாக்கியது. மீண்டு வந்தபோது வலக்கை தளர்ந்திருந்தது. சொற்கள் நின்று நிதானித்து வந்தன. எண்கள் மட்டும் வரவேயில்லை. காலண்டரில் ஐந்தைக் காட்டினால், "பூச்சியாட்டம் இருக்குதுங்க" என்பார். சுவர்க் கடிகாரம் அவருக்கு வட்டமான பூச்சிக்கூட்டம்.

ஏகநாதன் வேலைக்குப் போய்விட்டால் குவாட்டர்ஸில் தெய்வம்மா தனியே. தொழிற்சாலைக்குள் அவரைக் கைபேசியில் கூப்பிட முடியாது. மாத்திரைக்கு நேரம் உண்டு. மாலையில் கதவைச் சாத்தவும் நேரம் உண்டு, பொழுது சாய்ந்தால் காட்டெருமை தேயிலைக்குள்ளிருந்து துணிக்கொடி வரைக்கும் வரும்.

[கைபேசியில் மணியடிக்கச் செய்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். செய்தார்கள். அது அலறும், எதற்கு அலறுகிறது என்று அவருக்குத் தெரியாது. "அது அதட்டுதுங்க" என்று அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். தொழிற்சாலைச் சங்கு ஊதுமே என்றால், எல்லா வேளைக்கும் அது ஒரே குரலில்தான் ஊதும்.]

அப்போது ஒரு விடுமுறை நாளில் ஏகநாதன் முயலைக் கழற்றிச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது தெய்வம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முயலு கும்புடுது. சோத்துக்கு நேரமாச்சுங்க."

ஏகநாதன் ஓடிவந்து பார்த்தார். முயலின் இரு கைகளும் தலைமேல் குவிந்திருந்தன. நண்பகல்.

எண்கள் போன இடத்தில் கைகள் வந்தன. இரண்டு கையும் தலைமேல் கூடினால் கும்பிடு: சோறும் மாத்திரையும். ஒரு கை மேலே, ஒரு கை பக்கவாட்டில் நீண்டால் பஸ்ஸை நிறுத்துகிறது: தேநீர். ஒரு கை மேலே, ஒரு கை நேர் கீழே என்றால் கொழுந்து பறிக்கிறது: கீழ்க்கை செடியில், மேல்கை கூடைக்கு வீசுகிறது. அப்போது கதவைச் சாத்தி விளக்கேற்ற வேண்டும்; அவர் வந்துவிடுவார். இந்த உவமைகள் தெய்வம்மாவுடையவை. நானாக இருந்தால் கொழுந்துக்குப் பதில் வேறேதாவது சொல்லிக் கெடுத்திருப்பேன்.

இன்னொன்றும் நடந்தது. கையைத் தூக்கிப் பழகச் சொன்ன மருத்துவரிடம் தெய்வம்மா ஒருநாளும் தூக்கிக் காட்டியதில்லை, வலிக்கிறது என்பார். ஆனால் முயல் கும்பிடும் வேளையில் தாமும் கும்பிட்டார். முதலில் இடக்கை மட்டும். பிறகு இடக்கை வலக்கையைப் பிடித்து ஏற்றியது. பிறகு வலக்கை தானே, நடுங்கிக்கொண்டு, தலைக்கு மேல்.

தலைமேல் குவித்த கையைப் பற்றி நம் பக்திப் பாட்டில் எத்தனை இடங்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். அதை இங்கே அடுக்கத் தொடங்கினேன், அடித்துவிட்டேன். அந்தக் கை ஏறட்டும். பாட்டு காத்திருக்கும்.

4

ஒரு கிருத்திகை நாளில் கணவனும் மனைவியும் கோயிலுக்கு வந்தார்கள். முயலைப் பிரிந்து வர மனமின்றித் தெய்வம்மா அதைக் கையில் கட்டியிருந்தார்.

வாசற்படி வந்தது. ஏகநாதன் குனிந்தார். கை தானே வாருக்குப் போனது. அவர் மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. எனவே அது மனைவியின் மணிக்கட்டுக்குப் போனது.

"கழட்டிக் குடு அம்மணி."

தெய்வம்மா கழற்றிக் கொடுத்தார். அவர் கழற்றச் சொன்னால் காரணம் இருக்கும். உள்ளே இருப்பது எளிதில் பற்றிக்கொள்ளக்கூடியது என்று இவ்வளவு காலமும் அவர் சொல்லக் கேட்டவர் அல்லவா? ஏகநாதன் அதைத் தம் செருப்பின்மேல் பத்திரமாக வைத்தார்.

உள்ளே நான் ஓதிக்கொண்டிருந்தேன். கூட்டம் நெருக்கியடித்தது. வெளியே வந்தபோது முகப்புக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. யார் கால் என்று தெரியவில்லை. முயலின் குட்டைக் கை, மணி காட்டும் கை, தோளோடு முறிந்து எங்கோ போய்விட்டது. நாங்கள் மூவரும் செருப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். புல்லைத் தடவினோம். கிடைக்கவில்லை.

நெட்டைக் கை மட்டும் ஓடியது. மணிக்கொரு தரம் தலைக்குமேல் ஏறி, துணைக்கை இல்லாமல், இறங்கிப் போயிற்று.

ஏகநாதன் யார்மீதும் கோபப்படவில்லை. தம் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறொருவருடையது போல.

5

குன்னூரில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் உதட்டைப் பிதுக்கினார். "முயல் கைக்கு நான் எங்கீங்க போவேன்? சாதா முள்ளு போட்டுத் தாரனுங்க." கறுப்பு முள்ளொன்றைப் பொருத்திக் கொடுத்தார். அதை ஆணியில் மாட்டியதும் தெய்வம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ. யாருங்க இதைக் குத்துனது?"

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. முயலின் நெஞ்சில் ஓர் ஈட்டி. அன்றே கழற்றிவிட்டார்கள். கரடிக்குட்டியை மாட்டிப் பார்த்தார்கள். "கரடி எனக்குப் பழக்கமில்லீங்க" என்றார் தெய்வம்மா.

ஏகநாதன் ஒரு டப்பாத் தகட்டை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, வெள்ளை வண்ணம் பூசி, தாமே ஒரு குட்டைக் கை செய்தார். அழகாகவே இருந்தது. விடிந்து சற்று நேரத்தில் பொருத்தினார். கை நேர்கீழிலிருந்து சிறிதே ஏறியிருக்க வேண்டிய நேரம், சரியாக நின்றது. ஆணியில் மாட்டிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனார்.

இங்கே நான் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். தகடு கனமானது. கீழே தொங்குவதற்கு எந்தக் கையும் போதும். மேலே ஏறுவதற்குத்தான் கை இலேசாக இருக்க வேண்டும். முற்பகல் முழுதும் கடிகாரம் அந்தக் கையை ஏற்றப் பார்த்தது. கை வழுக்கி வழுக்கி இறங்கியது.

நண்பகல் வந்தது. சமையலறைச் சன்னலில் மஞ்சு அடைத்து, அடுப்புத் திட்டு தெரியாத இருட்டு. சங்கு ஊதிற்று, அது சாப்பாட்டுச் சங்கு. தெய்வம்மா முயலைப் பார்த்தார். ஒரு கை மேலே. ஒரு கை நேர் கீழே.

கும்பிட வேண்டிய முயல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது.

தெய்வம்மா கதவைச் சாத்தினார். விளக்கேற்றினார். இரண்டு பேருக்கும் தட்டு எடுத்து வைத்தார். காத்திருந்தார். மஞ்சு வெளுக்கவில்லை. அவர் வரவில்லை.

வெடிமருந்து செய்யும் ஊரில், மாலைச் சங்கு ஊதியும் கணவன் வரவில்லை என்றால் ஒரு மனைவிக்கு என்ன தோன்றும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்த ஊரில் வாழும் எந்தப் பெண்ணும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை; நானும் சொல்லவில்லை.

செருப்பில்லாமல் அவர் தொழிற்சாலை வாசலுக்கு நடந்தார்.

"ஏனுங்க, உள்ள ஏதாச்சும் ஆயிருச்சுங்களா? எல்லாரும் வந்துட்டாங்களா?"

"ஒண்ணும் ஆகலீங்கம்மா. இப்பத்தான் மணி பன்னெண்டரை" என்றார் வாசற்காவலர். அவர் நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னது எண்.

"அவரு இருக்காருங்களா இல்லீங்களா? அதைச் சொல்லுங்க சாமி."

ஆளனுப்பி ஏகநாதனை வெளியே வரவழைத்தார்கள். வெறும் மணிக்கட்டோடு அவர் ஓடிவந்தார். தெய்வம்மா அவருடைய கையைத் தொட்டார், தோளைத் தொட்டார், முகத்தைத் தொட்டார். பிறகுதான் அழுதார்.

"முயலு கையத் தொங்கப் போட்டுருச்சு. நீங்க வரலீங்க."

ஏகநாதனுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கியது.

"கையி நாஞ் செஞ்சது அம்மணி. கனமாப் போச்சு. முயலு மேல தப்பில்ல."

தெய்வம்மா தம் வலக்கையைப் பார்த்தார். "எனக்கு வந்தது அதுக்கும் வந்துருச்சாட்ட இருக்குதுங்க" என்றார்.

அன்றிலிருந்து அவர் கும்பிடுவதை நிறுத்திவிட்டார். வலக்கை மடியிலேயே கிடந்தது.

6

இப்போது மகள் வர வேண்டும். அவள் பெயர் ரேணுகா, கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

முதல் வரைவில் அவளைக் கொஞ்சம் கடினமாக எழுதியிருந்தேன். கதைக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் வேண்டும் என்பது சோம்பலான எழுத்தாளனின் நம்பிக்கை. பிறகு அவள் தந்தையோடு போனில் பேசியதை அவர் சொல்லக் கேட்டேன், வரைவைக் கிழித்தேன்.

"ஞாயித்துக்கெழமை வாரேன்ப்பா. அம்மாவைக் கூட்டீட்டுப் போறேன். நீங்க ரிட்டையர் ஆகற வரைக்கும் எங்கூட இருக்கட்டும்."

"அவளுக்குக் கீழ சூடு ஆகாது கண்ணு."

"வெறுங்கால்ல கேட் வரைக்கும் நடந்திருக்கறாங்கப்பா. ரோட்டுல லாரி வரும். நான் இங்க ஆபீஸ்ல உக்காந்துட்டு என்ன பண்றது, சொல்லுங்க?" பிறகு அவளே தொடர்ந்தாள்: "அந்த முயல் சரியாச்சுன்னா சொல்லுங்க. நான் வாயே தொறக்கலை."

இவளை எப்படி எதிர்ப்பக்கம் நிறுத்துவது? அவள் கேட்பது சரி. தெய்வம்மா போனால் அந்த வீட்டில் இரண்டு தட்டு ஒன்றாகும் என்பதும் சரி. ஞாயிற்றுக்கிழமைக்குள் முயலுக்கு ஒரு கை வேண்டும். கதையில் இனி வேறொன்றும் இல்லை.

அப்படியொரு கை இந்த மலையில் இருந்தது. குன்னூரில் வர்க்கி சுட்டு விற்கும் மெட்டில்டா இதே முயலின் இரட்டையை வைத்திருந்தார், அட்டைப்பெட்டியோடு, ஒரு முறையும் யாரும் கட்டாமல், ஒரு முறையும் சாவி கொடுக்காமல். அவரும் சேர்ப்பவர்தான். ஏகநாதனுக்கும் அவருக்கும் பல ஆண்டு வழக்கு இது.

"ஓடுனாத் தேயும், ஏகு."

"ஓடலீன்னா அது வாச்சே இல்லீங்க்கா."

"உன்னோடது ஓடி ஓடிக் கெழவனாச்சு. என்னோடது பாரு, ஞானஸ்நானத்துக்கு வந்த புள்ளையாட்டம் இருக்கு."

ஏகநாதன் வெள்ளிக்கிழமை மாலை அங்கே போனார். கேட்பதற்காகத்தான் போனார். அடுப்பின் வெப்பம், நெய்மணம், முன்கையெல்லாம் மாவோடு மெட்டில்டா.

"வா தம்பி. தெய்வம்மா எப்படி இருக்கா?"

"இருக்கறாங்க்கா."

"உன் மொகம் ஏன் வேகாத வர்க்கியாட்டம் இருக்கு?"

ஏகநாதன் மழையைப் பற்றிப் பேசினார். ரயில்பாதையில் மரம் விழுந்ததைப் பற்றிப் பேசினார். மெட்டில்டா வழக்கம்போலக் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து முயலை முன்னே வைத்தார், சற்றுச் சீண்டிப் பார்க்கலாம் என்று. வழக்கம்போல் ஏகநாதன் அதை எடுத்துக் காதில் வைத்து, "செத்துக் கெடக்குதுங்க்கா" என்பார்.

அன்று அவர் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முயலின் குட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வர்க்கிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

[ஏன் கேட்கவில்லை? ஒன்றை உடைத்து ஒன்றைப் பிழைக்கவைக்கக் கூடாது என்ற அறத்தாலா? முழுக் கடிகாரத்தையே கேட்கலாமே, நாணமா? எனக்கு மெய்யாகவே தெரியாது. பழம்பாட்டில் தலைவிதான் சொல்ல நாணுவாள், தோழிதான் குறிப்பறிவாள். மீசை நரைத்த தலைவனுக்கு வர்க்கிக் கடைத் தோழி ஒருத்தி வாய்த்தால் அந்தத் துறைக்கு என்ன பெயர் என்று எந்த உரையாசிரியரும் எழுதி வைக்கவில்லை.]

7

முடிவுகளைச் சொல்கிறேன். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு மங்கலமானது. மெட்டில்டா முயலைக் கொண்டுவந்து கொடுக்கிறார், சாவி கொடுத்தவுடன் ஓடுகிறது, மகள் கண்ணீரோடு—

[கைவிட்டேன். பல்லாண்டுகள் சாவி கொடாத கடிகாரத்தில் எண்ணெய் பசையாய் இறுகியிருக்கும் என்று ஏகநாதன் என்னிடம் சொன்னார். அவர் சொன்ன பிறகு அதை மறந்தவன்போல எழுத என்னால் முடியாது.]

இரண்டாம் முடிவில் மெட்டில்டா குறிப்பறியவில்லை. ரேணுகாவின் கார் மலைப்பாதையில் இறங்குகிறது. முன்இருக்கையில் தெய்வம்மா மடியில் கரடிக்குட்டியை வைத்துக்கொண்டு, அதைப் பழகிக்கொள்ள—

[இதைக் கைவிடவில்லை. முடித்துவிட்டேன். ஆனால் உங்களுக்குக் காட்ட மாட்டேன். இரண்டு நாள் அது மேசைமேல் கிடந்தது. அந்த இரண்டு நாளும் நான் கோயிலுக்குப் போகவில்லை.]

மூன்றாவது, நடந்தது. அது முடிவா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை. ஏகநாதன் வரச் சொல்லியிருந்ததால் நானும் போயிருந்தேன். கூடத்தில் ரேணுகா தாயின் சேலைகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் தெய்வம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆணி வெறுமையாக இருந்தது.

வாசலில் மெட்டில்டாவின் குரல்.

"ஏகு! வாச்சைத் தொட்டுப் பாக்காம போனா எனக்குத் தெரியாதா? வேண்டாதவன் எடுத்துக் காதுல வெப்பான். வேணுங்கிறவன்தான் கையைக் கட்டிட்டு நிப்பான்."

அவர் கையில் அட்டைப்பெட்டி.

"அக்கா, இத்தனை வருசமா அதை ஓட விடாம வெச்சிருந்தீங்க. இப்பப் போயி—"

"சாவி குடுக்காம வெச்சா கெடாதுன்னு நெனச்சுட்டேன். வர்க்கியைக்கூட நான் அப்படி வெச்சதில்லை, போ." பெட்டியை நீட்டியவர், நீட்டிய பிறகும் ஒரு நொடி விடாமல் பிடித்திருந்தார். பிறகு விட்டார்.

ஏகநாதன் சாவியைத் திருகினார். சுருள் இறுகும் மெல்லிய ஓசை அந்த அறை முழுவதும் கேட்டது. ரேணுகா சேலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்து நின்றாள். தன் கைபேசியைப் பார்த்து, உச்சிப் பொழுதுக்கு இன்னும் சற்று இருக்கிறது என்றாள். ஏகநாதன் முயலின் கைகளைத் தலைக்கருகே கொண்டுபோய், கூடுவதற்குச் சிறிது முன்னே நிறுத்தினார். காதில் வைத்தார்.

அவர் முகத்திலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டோம்.

"எண்ணெய் எறுகியிருக்குது. சூடு பட்டா எளகலாம். எளகாமயும் போலாம்."

 மெட்டில்டா அடுப்பில் பழகிய தம் கையை முகப்பின்மேல் வைத்து மூடிச் சூடேற்றினார். அப்போது தெய்வம்மா முக்காலியிலிருந்து எழுந்தார்.

"குடுங்க."

முயலை வாங்கி ஆணியில் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று பார்த்தார். ஓடாத முயல்; கூடாத கைகள்.

"புதுசில்லீங்களா?" என்றார் எங்களிடம், சமாதானமாக. "பழக்கமிருக்காது."

இங்கே என் கல்வி என்னைத் தடுக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைத்தமிழ் என்றொரு வகை உண்டு. தெய்வத்தைக் குழந்தையாக்கித் தாய்க்குரலில் பாடுவது. அதில் சப்பாணிப் பருவம் என்ற இடத்தில் தாய் குழந்தையிடம் ஒன்றே ஒன்றைத்தான் கெஞ்சுவாள்: உன் இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டு. அதைப் பலமுறை ஓதியிருக்கிறேன். கெஞ்சுபவளின் கை அப்போது என்ன செய்யும் என்று ஒருமுறையும் எண்ணியதில்லை. காட்டிக் கொடுக்காமல் எந்தத் தாய் கேட்பாள்?

தெய்வம்மா இடக்கையைத் தூக்கினார்.

வலக்கை சேலை மடிப்பிலிருந்து எழுந்தது. மார்பளவு வந்து நின்றது. ஏகநாதன் ஓரடி முன்னே வைத்தார். ரேணுகா தந்தையின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கை தோளைக் கடந்தது. காதைக் கடந்தது.

"இந்தா பாரு. இப்படி."

இரண்டு கையும் தலைமேல் குவிந்தன.

"கும்புடு சாமி. எங்க, கும்புடு பாக்கலாம்."

(எங்கள் பக்கத்தில் குழந்தையைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம்.)

ரேணுகாவின் கையிலிருந்த சேலை நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. பைக்குள் போக வேண்டிய சேலை அது. பைக்குள் போகுமா, அலமாரிக்கே திரும்புமா என்பது இன்னும் ஒரு கணத்தில் தெரிந்துவிடும். சன்னலுக்கு வெளியே மஞ்சு. நேரம் என்னவென்று வானம் சொல்லாது. ஏகநாதன் முயலைப் பார்க்கவில்லை. மனைவியின் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெட்டில்டா மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆணிக்கருகே காதைக் கொண்டுபோனார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எனக்கே வியப்பாக இருக்கிறது. என் கை தானாக என் மணிக்கட்டுக்குப் போயிற்று. கடிகாரத்தைக் கழற்றினேன், ஓசைப்படாமல் வெளியே வந்தேன், வாசலில், செருப்புகளுக்கு நடுவே, அதை வைத்தேன். திரும்பி உள்ளே போகவில்லை. வாசற்படி வந்தால் எதை வெளியே விட வேண்டும் என்று ஏகநாதன் எனக்குக் கற்பித்திருந்தார்; இந்த வாசற்படியில் விட வேண்டியது நான்தான் என்று தோன்றியது.

கதவு திறந்திருக்கிறது. நீங்கள் போகலாம். ஆணி அடுப்புக்கு இடப்பக்கம் இருக்கிறது. கைகளைத் தலைமேல் வைத்தபடி அவர் இன்னும் அப்படியே நிற்கிறார். வலக்கை வலிக்கத் தொடங்கியிருக்கும். மெதுவாகப் போங்கள். மெட்டில்டாவுக்குப் பக்கத்தில் நின்று, உங்கள் காதையும் வையுங்கள்.